வீட்டுக்காரருக்கான புரோட்டோகால்

1

சென்ற மாதம் எங்கள் தொகுதியில் ஒரு சிறிய நூலகத்தைத் திறந்தார்கள். திறந்து வைத்தது என் மனைவி பியூலா. நான் நாற்காலி மடக்கினேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மையார் என்னிடம் வந்து, "நீங்கள் இங்கே வேலை பார்ப்பவரா?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவர்கள் பேச்சுக் கொடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் என்றால் கேட்கவே வேண்டாம். "இல்லை, நான் எம்.பி.யின் மனைவி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் என் மீசையை ஒரு முறை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களைச் சந்தித்ததில் பெருமை" என்றார். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டுமானால் இன்னும் இரண்டு வாக்கியம் ஆங்கிலம் பேசியாக வேண்டும்.

வீட்டில் சொன்னபோது மகள் ஷெரின் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அம்மாவிடம் வீட்டு வாடகைச் சட்டம், பருவநிலை என்று மணிக்கணக்கில் சண்டை போடுவாள். என்னிடம் கார் சாவி கேட்பாள்.

பியூலா மட்டும் சிரிக்கவில்லை. "உள்ளதத்தான சொல்லியிருக்கீங்க அத்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பைப் புரட்டத் தொடங்கினாள்.

2

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சொந்த ஊர் சேரன்மகாதேவி. பத்தாம் வகுப்பு தேறியவன். திருநெல்வேலி டவுனில் ஒரு மின்சாமான் கடையில் பல்பு எரிகிறதா என்று சோதித்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. பியூலா பாளையங்கோட்டைக்காரி. அவள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அவள் நர்சுக்குப் படித்தாள். பல்பு வாங்க வந்தவளிடம் எப்படிக் காதலைச் சொன்னேன் என்று கேட்பார்கள். நான் சொல்லவில்லை. அவள்தான் சொன்னாள். நான் அதற்கும் பல்பைச் சோதித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆஸ்திரேலியாவுக்கு நாங்கள் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உண்மையில் வந்தவள் அவள்தான். நான் கூட வந்தேன். அவளுடைய விசாவில் செவிலியர் என்று இருந்தது, என்னுடையதில் அவளைச் சார்ந்திருப்பவர் என்று இருந்தது. இதை ஊரில் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் பொய்யென்று சொல்ல மாட்டேன். இங்கே ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறேன். ரொட்டிகள் என்னிடம் கேள்வி கேட்பதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

பியூலா மருத்துவமனையில் ஒரு நாள், ஒரு வார்டுக்கு ஒரே ஒரு நர்ஸ் போதுமென்று சொன்ன அதிகாரியை எதிர்த்து எழுந்து நின்று பேசினாள். அதன் பிறகு அவள் உட்காரவில்லை. சங்கம், பிறகு கட்சி, பிறகு தேர்தல். எங்கள் புறநகரில் அவளைவிடத் தெரிந்த முகங்கள் இருந்தன. ஆனால் அந்தப் பகுதியில் முக்கால்வாசிப் பேருடைய தாயையோ தகப்பனையோ அவள் படுக்கையில் புரட்டிப் போட்டுத் துடைத்திருக்கிறாள். அந்த ஓட்டு எந்தக் கருத்துக் கணிப்பிலும் வரவில்லை.

தேர்தலுக்கு நிற்பதற்கு முன், இந்திய வம்சாவளியினருக்கான அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார் கட்சி வக்கீல். இன்னொரு நாட்டோடு ஒட்டு இருப்பதாக யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதாம். கொடுத்துவிட்டு வந்த அன்று பியூலா மீன் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைப்பது நான்தான். அவள் வைத்தாள் என்றால் மனசு சரியில்லை என்று அர்த்தம். சைவ வீட்டில் பிறந்த நான் மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்ட கதை தனி.

3

அவள் ஜெயித்ததும் அலுவலகத் திறப்பு நாளில் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, முன்வரிசையில் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஆணவமென்று நினைக்காதீர்கள். பயம்தான். எங்கே உட்காருவது என்று தெரியாதபோது, ஊரில் பார்த்ததைச் செய்தேன். எங்கள் பக்கம் ஒரு பெண் தலைவரானால் அவள் வீட்டுக்காரர்தான் நடுவில் உட்காருவார். மனு கொடுக்க வருபவர்களும் அவரிடம்தான் கொடுப்பார்கள். அன்றைக்கும் ஒரு வயதானவர் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். நான் படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்து, "பார்த்துக்கலாம்" என்பதுபோல் தலையசைத்தேன். அவர் மகிழ்ச்சியாகப் போனார். அது பக்கத்துத் தெரு நாய் குரைப்பது பற்றிய புகார் என்று வேட்டியைத் துவைக்கப் போடும்போதுதான் தெரிந்தது.

"அத்தான், அந்த நாற்காலி கட்சித் தலைவிக்குப் போட்டது" என்றாள் பியூலா காரில் வரும்போது. "அவங்க அரமணி நேரம் நின்னுக்கிட்டே இருந்தாங்க."

அதற்குப் பிறகு நான் எந்த விழாவிலும் உட்கார்ந்ததில்லை.

பாராளுமன்றம் கூடும் வாரங்களில் அவள் தலைநகரில் இன்னும் இரண்டு பெண் எம்.பி.க்களோடு ஒரு வாடகை வீட்டில் தங்குகிறாள். ஒருவர் லொரெய்ன். இந்த மண்ணின் ஆதிக்குடி, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இன்னொருவர் ஜஹ்ரா. ஆப்கானிஸ்தானிலிருந்து சிறு பெண்ணாக இருக்கும்போது படகில் வந்து, இங்கே படித்து வழக்கறிஞரானவர். ஒரு முறை பிரஷர் குக்கர் கொடுக்கப் போன என்னை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நான் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். மறுநாள் வரவிருந்த ஒரு மசோதாவுக்குக் கட்சி சொல்கிறபடி ஓட்டுப் போடலாமா கூடாதா என்று மூவரும் சாப்பாட்டு மேசையில் மோதிக்கொண்டார்கள். அகதிக் குழந்தைகள் சம்பந்தப்பட்டது. ஜஹ்ரா அழுதார், அழுதுகொண்டே சட்டப் பிரிவைச் சொன்னார். லொரெய்ன் மேசையைத் தட்டினார். பியூலா குழம்புக் கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசியதில் சொதி என் சட்டையில் தெறித்தது. எனக்குப் பாதி புரிந்தது. ஆனால் ஒன்று தெளிவாகப் புரிந்தது: மூவரில் ஒருவரும், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லவில்லை.

அன்று லொரெய்னின் கணவர் கென்னும் வந்திருந்தார், லாரி ஓட்டுகிறவர். அவர் கழுவிய தட்டுகளை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "நம்ம வேலை ரொம்பச் சுலபம். கதவைத் திறந்துவிடணும். பின்னாலேயே உள்ளே போயிடக் கூடாது."

4

இப்போது ஊருக்கு வருகிறேன்.

என் அண்ணன் கோமதிநாயகம் சேரன்மகாதேவியில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறான். அவன் மனைவி உலகம்மாள், என் மதினி, ஒன்றியக் குழுத் தலைவி. ஊரில் சேர்மன் என்பார்கள். ஆனால் "சேர்மன் இருக்காவளா?" என்று யாராவது வாசலில் நின்று கேட்டால் அவர்கள் தேடுவது அண்ணனை. மதினி "சேர்மன் அம்மா." அண்ணன் கெட்டவனல்ல. காலையில் எட்டு மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராகிவிடுவான். அவனுக்குப் பிடித்த வார்த்தை புரோட்டோகால். யார் முதலில் மாலை போட வேண்டும், யார் குத்துவிளக்கின் எந்த முகத்தை ஏற்ற வேண்டும் என்பதில் அவனைக் கேட்காமல் அந்த வட்டாரத்தில் ஒரு திறப்பு விழா நடக்காது.

பொங்கலை ஒட்டி நானும் பியூலாவும் ஊருக்குப் போனோம். ஷெரின் விடுமுறை வேலை இருக்கிறது என்று வரவில்லை. விமான நிலையத்தில், திருப்பிக் கொடுக்காத என் வம்சாவளி அட்டையைக் காட்டி நான் ஒரு வரிசையில் சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன். பியூலா சுற்றுலா விசாக்காரர்களின் வரிசையில், கேமரா மாட்டிய வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நின்றாள். பாளையங்கோட்டையில் யார் வீட்டில் தங்குவீர்கள் என்று அதிகாரி கேட்டாராம். "எங்கம்மா வீட்டுல" என்று இவள் சொல்ல, அதற்கு முகவரி இருக்கிறதா என்று கேட்டாராம்.

சேரன்மகாதேவி எல்லையில் நான் காரை நிறுத்தச் சொன்னேன். சாலையோரம் ஒரு பெரிய பேனர். அதில் என் படம், கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்து, ஒரு கோட்டு ஒட்டி, ஆள் உயரத்துக்கு. "ஆஸ்திரேலியப் பாராளுமன்றத்தையே மணந்த நெல்லைச் சிங்கமே, வருக!" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அண்ணன் கும்பிட்டுக்கொண்டிருந்தான். மேல் மூலையில், தபால்தலை அளவில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் பியூலா, இன்னொன்றில் மதினி.

பியூலா காரிலிருந்து இறங்கிப் பேனரை நிதானமாகப் பார்த்தாள். "கோட்டு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு, சிங்கம்" என்றாள்.

அண்ணன் ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி: "ஏலே சங்கரா, அங்கன எம்.பி. வீட்டுக்காரருக்கு கார்ல கொடி உண்டாலே?"

5

இரண்டு நாள் கழித்து மதினி என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். துணி காயப்போட வந்ததுபோல் கையில் ஒரு ஈரத் துண்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஒங்களால ஒரு காரியம் ஆகணும். பியூலாட்ட கேட்டேன். அவ முடியாதுன்னுட்டா. வெளிநாட்டு எம்.பி. இதுல தல காட்டுனா எனக்குத்தான் கெடுதல்னு சொல்லுதா. அன்னைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருதேன்னு சொல்லிட்டா. அது சரிதான்."

"என்ன மதினி?"

"நாளான்னைக்கு மெட்ராஸ்லேருந்து கட்சியில ஒருத்தர் வாறாவ. எம்.பி. சீட்டுக்கு என் பேரும் இருக்கு. நேர்ல பேசிப் பாத்து எழுதிக்கிட்டுப் போவாவ. அவிய எழுதிட்டா மேல போவும், எழுதலன்னா இங்கனயே முடிஞ்சுரும்."

"நல்ல விஷயம்லா."

"போன தடவ சட்டமன்ற சீட்டுக்கும் இப்படித்தான் ஒருத்தர் வந்தாவ. நான் காப்பி குடுத்தேன். ஒங்க அண்ணன் பேசுனாவ. அம்மா காப்பி நல்லா போடுதாவன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாவ போல."

"அண்ணன்ட்ட சொல்லிப் பாக்கலாம்லா?"

"சொல்லாமலா? 'நீ பேசு, நான் என்ன ஒன் வாயவா பொத்துதேன்'னு கேக்காவ. அவிய வேணும்னு செய்யல தம்பி. எங்கிட்ட கேள்வி கேட்டா அவியட்டேருந்து பதில் வந்துருது. தும்மல் மாதிரி. அவியளால அடக்க முடியாது." துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "ஒரு அரமணி நேரம் அவிய அங்கன இல்லாம நீங்க பாத்துக்கிடணும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

நான் சரி என்று சொன்னேன். ஓட்டலில் தோசை ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லத் தைரியமில்லாமல் தின்றுவிட்டு வருகிறவன் நான். யாரிடம் போய் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறாள் என்று மதினியை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

அன்று மாலை பியூலாவிடம் கேட்டேன்: "நானும் வெளிநாட்டுக்காரன்தான? நான் மட்டும் இதுல தலையிடலாமா?"

"நீங்க பேசப் போறதில்லல்லா அத்தான். எப்பவும் போல இருங்க. போதும்."

6

அந்த நாள் காலையில் நான் மூன்று முயற்சிகள் செய்தேன்.

முதலில் ஆற்றுக்குக் குளிக்கப் போவோம் என்றேன். இருபது வருஷத்தில் தாமிரபரணியில் முங்க வேண்டுமென்று நான் தவித்த நாட்கள் உண்டு, அதனால் குரலில் கொஞ்சம் உண்மை இருந்திருக்க வேண்டும். "சாயங்காலம் போவோம்லே, இன்னைக்கு முக்கியமான ஆள் வாறாரு" என்றான் அண்ணன். பிறகு மேலப்பாளையத்தில் பழைய கடைச் சிநேகிதன் ஒருவனைப் பார்க்க வேண்டும், கூட வா என்றேன். "டிரைவரக் கூட்டிட்டுப் போ" என்று சாவியை எடுத்து நீட்டினான். சிநேகிதனைப் பார்க்கப் போனால் காரியம் கெட்டுவிடும், போகாவிட்டால் பொய் தெரிந்துவிடும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவே மூன்றாவது முயற்சியாகிவிட்டது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான் என்று கணக்குப் போட்டேன்.

"ஏட்டி உலகு! தம்பிக்கு வயித்தவலியாம். ஓமக் கஷாயம் போடு!" என்று அண்ணன் உள்ளே பார்த்துக் கத்தினான்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. மெட்ராஸ்காரர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கோப்பு, நல்ல சிரித்த முகம். அண்ணன் எதிர்கொண்டு அழைத்து வந்து நடு நாற்காலிக்கு எதிரே உட்கார வைத்தான். நடு நாற்காலியில் தான் உட்கார்ந்தான்.

"அம்மா எங்க சார்?"

"உள்ள இருக்கா. தம்பிக்கு கஷாயம் போடுதா. நீங்க கேளுங்க, நாம பேசிக்கிட்டு இருப்போம்."

என் புத்திசாலித்தனத்தால் மதினி அடுப்படியில், அண்ணன் கூடத்தில். அவள் ஒற்றையாளாக இருந்திருந்தால்கூட இதைவிடக் குறைந்த சேதத்தோடு சமாளித்திருப்பாள்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். மதினி ஓமத்தை வறுத்துக்கொண்டிருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "வயித்தவலி நல்ல யோசனதான் தம்பி" என்றாள். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கண் ஓரத்தில் ஈரம் இருந்தது. ஓமப் புகை என்று நினைத்துக்கொள்ள முயன்றேன்.

"நீங்க போயி உக்காருங்க மதினி. நான் பாத்துக்கிடுதேன்" என்று கரண்டியைப் பிடுங்கினேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றேன். மெட்ராஸ்காரர் எழுந்து கும்பிட்டார். "உக்காருங்கம்மா. ஒன்றியத்துல நீங்க செஞ்ச வேலைல எது முக்கியம்னு நினைக்கிறீங்க?"

"அதாவது சார்," என்றான் அண்ணன்.

மதினி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. விழாக்களில் பேச்சு ஆரம்பித்ததும் என் கை தானாகக் காலி டம்ளரைத் தேடும். அன்றும் தேடியது. மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு, கூடத்துக்கு நடுவில் போய் நின்று, என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக உரக்கப் பேசினேன்.

"அண்ணே, வா. டீ போடணும்."

"யாரு?"

"நாமதான்."

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? அவ போடுவாலே."

"அது முறையில்ல. எம்.பி. வீட்டுல கட்சிக்காரங்க வந்தா வீட்டுக்காரர்தான் தன் கையால டீ போட்டுக் குடுக்கணும். அங்கன அதுதான் புரோட்டோகால்."

அந்த வார்த்தை விழுந்ததும் அண்ணன் முதுகு நிமிர்ந்தது. பொய்யும் இல்லை. எங்கள் வீட்டில் அதுதான் நடக்கிறது.

"அப்படியா? ஆஸ்திரேலியால அப்படியா சார்?" என்று மெட்ராஸ்காரர் ஆவலாகக் கேட்டார்.

"ஆமா சார். லாரி ஓட்டுறவர்கூடப் போடுவார்" என்றேன். அது யாருக்கும் புரியவில்லை.

"இவ இன்னும் எம்.பி. ஆவலயே" என்றான் அண்ணன்.

"ஆகப் போறவங்கன்னு வெச்சுக்கங்களேன் சார்" என்று அவர் சிரித்தார்.

எம்.பி. வீட்டுக்காரர் என்ற பட்டம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அண்ணன் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் பின்னால் வந்தான்.

7

அடுப்பு பற்றவில்லை. அண்ணன் குமிழைத் திருகினான், தீக்குச்சியைக் கிழித்தான், ஊதினான். "ஏன்லே பத்த மாட்டேங்கு?" மதினி போகும்போது சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போயிருந்தாள். பழக்கத்தில் மூடினாளா, வேண்டுமென்றே மூடினாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அது கீழே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

பிறகு டீத்தூள் தேடினோம். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த இரண்டு ஆண்கள், டப்பா டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தோம். உளுந்து, வெந்தயம், எதற்கென்றே தெரியாத ஒரு மாவு.

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவரில் ஒரு வெண்டிலேட்டர் உண்டு. அது வழியாக எல்லாம் கேட்டது.

"கூட்டத்துல நீங்க பேசுவீங்களாம்மா, இல்ல சார் பேசுவாரா?"

"நான்தான் சார் பேசுவேன். இதுவரைக்கும் அவிய பேசுனதும் நான் எழுதிக் குடுத்ததுதான்."

அண்ணன் கையில் இருந்த டப்பா நின்றது. "எல்லாத்தையும் ஏன் இவ வெளிய சொல்லுதா?" என்று முணுமுணுத்தான்.

"உங்க ஒன்றியம் ஆத்துப் பக்கம். தண்ணி இருக்கு, வயல் இருக்கு. தெக்க ராதாபுரம் பக்கம் வேற மாதிரி. அங்க உங்களுக்கு என்ன தெரியும்?"

"குடிதண்ணி லாரி என்னைக்கு வரும்னு பாத்துத்தான் அங்கன பொம்பளைங்க கூலி வேலைக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுதாவ சார். நான் பஸ்ல போயி அவிய கூட வரிசையில நின்னுருக்கேன். ஜீப்புல போனா உண்மை தெரியாது, எல்லாரும் எந்திரிச்சு நின்னுருவாவ."

"இவ எப்பம்லே ராதாபுரம் போனா?" என்றான் அண்ணன் என் காதில்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான கூட இருக்க."

அவன் யோசித்தான். "அக்கா வீட்டுக்குப் போறேன், அக்கா வீட்டுக்குப் போறேன்னு போவா" என்றான் மெதுவாக. "அவ அக்கா இருக்கது மேக்கலே. அம்பாசமுத்திரத்துக்கு அங்கிட்டு."

அடுத்து மேலப்பாளையம். பீடி சுற்றும் பெண்களைப் பற்றிக் கேட்டார். அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி எங்கே சிக்குகிறது, பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய படிப்பு உதவி எந்த மேசையில் நிற்கிறது என்று மதினி சொல்லச் சொல்ல, கூடத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. கேட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க சைவக் குடும்பம். எல்லாத் தெருவுக்கும் போவீங்களா? எல்லார் வீட்டுலயும் கை நனைப்பீங்களா?"

"சார், என் கொழுந்தன் பெஞ்சாதி பாளையங்கோட்டை கிறிஸ்தவப் பொண்ணு. எங்க மாமனார் அவள இந்த வாசப்படி ஏறவிடல. அப்பம் எனக்கு இருபத்தஞ்சு வயசு. நான் பேசாம கூடைய எடுத்துக்கிட்டு அவிய வீட்டுக்குப் போயி கிறிஸ்மஸுக்கு சாப்பிட்டுட்டு வந்து, நல்லா இருந்துச்சுன்னு மாமனார்ட்டயே சொன்னேன். ஒரு மாசம் அவரு எங்கிட்ட பேசல. அப்பமே பயந்துருந்தா நான் இப்பம் ஒங்க முன்னால உக்காந்துருக்க மாட்டேன்."

இது எனக்கே தெரியாது. அந்த ஒரு மாதம் நான் எங்கே இருந்தேன்? கடையில் பல்பு சோதித்துக்கொண்டிருந்திருப்பேன்.

நான் குனிந்து ரெகுலேட்டரைத் திறந்துவிட்டேன். அண்ணன் பார்த்தான். பாலை அடுப்பில் வைத்தான்.

அப்போதுதான் கூடத்திலிருந்து குரல் வந்தது. "சார்! கொஞ்சம் வாங்க. கடைசியா ஒண்ணு உங்ககிட்டதான் கேக்கணும்."

அண்ணன் நிலைப்படிக்குப் போனான், கையில் கரித்துணியோடு. நான் அவன் தோளுக்குப் பின்னால்.

"அம்மா ஜெயிச்சா வருஷத்துல பாதி நாள் டெல்லியில இருக்கணும். நீங்க அனுப்பி வைப்பீங்களா? அதைக் கேக்காம நான் பேரை எழுத முடியாது. நாளைக்கு நீங்க வேண்டாம்னுட்டா கட்சிக்குத்தான் சங்கடம்."

மதினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் பேசிய எதுவும் இனிக் கணக்கில் வராது. அண்ணனின் ஒரு வார்த்தைதான். அண்ணனுக்கும் அது தெரிந்தது. அவன் கழுத்து சிவப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடு நாற்காலிக்குப் போன எனக்கு அந்தக் கழுத்து நன்றாகப் புரிந்தது.

"அத எங்கிட்ட எதுக்குவே கேக்கீரு?" என்றான் அண்ணன். மெட்ராஸ்காரர் விருந்தாளி, 'வே' போட்டுப் பேசக்கூடாது என்ற புரோட்டோகாலே மறந்துவிட்டது. "போறவ அவ. அவளக் கேளும்."

அதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "ஐயய்யோ" என்று அவன் உள்ளே ஓடினான்.

கூடத்திலிருந்து மதினியின் குரல் கேட்டது: "நான் போவேன் சார். எழுதிக்கிடுங்க."

நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த டீயை மெட்ராஸ்காரர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "ஆஸ்திரேலியா டீ வித்தியாசமா இருக்கு" என்றார்.

8

திரும்பி வந்துவிட்டோம். பியூலா தலைநகருக்கும் வீட்டுக்குமாகப் பறந்துகொண்டிருக்கிறாள். நான் ரொட்டி கட்டுகிறேன்.

நேற்று அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ஏலே, உலகுவ மெட்ராஸுக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டுருக்காவ. ராத்திரி ரயிலுக்குப் போறா. அவள மட்டுந்தான். கூட வாறவங்களுக்கு உள்ள இடம் கிடையாதாம்."

"கிடைச்சிரும்ணே."

"கிடைக்குமோ என்னவோ. பட்டியல்ல நாலு பேரு இருக்காவளாம்." கொஞ்சம் தயங்கினான். "அதுக்கு இல்லலே கூப்பிட்டது. பெட்டி நான் அடுக்கித் தாறேன்னு சொல்லிட்டேன். இந்தக் கைத்தறிச் சேலை கசங்காம எப்படி மடிக்கது? அவட்ட கேட்டா சிரிப்பா."

பியூலா ஒவ்வொரு முறை புறப்படும்போதும் பெட்டி அடுக்குவது நான்தான். அலமாரியிலிருந்து அவளுடைய சேலை ஒன்றை எடுத்து வந்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். முதலில் நீளவாக்கில் இரண்டாக மடி, கரையும் கரையும் சேரட்டும், நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வை என்றேன். ஒற்றை ஆளாகப் பிடிக்க முடியாமல் என் சேலை தரையில் சரிந்தது. கார் சாவியை எடுக்க வந்த ஷெரின், சாவியோடு நின்று எங்களைப் பார்த்தாள். சாவியை மேசையில் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தாள்.

"பெரியம்மா ஜெயிப்பாங்களா பெரியப்பா?" என்று தமிழில் கேட்டாள். முழு வாக்கியம். நான் அவளைப் பார்க்காதது போல் கரையை நீவினேன்.

"அவ ஜெயிப்பா தாயி. நான் இத மடிச்சு முடிக்கணும்லா முதல்ல" என்றான் அண்ணன். அவன் பக்கம் சேலை மூன்றாம் முறையாக அவிழ்ந்தது.

அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது. மதினி எட்டிப் பார்த்தாள். கட்டிலில் விரிந்து கிடக்கும் சேலையையும், போனில் நானும் ஷெரினும் இன்னொரு சேலையின் இரண்டு முனைகளைப் பிடித்து நிற்பதையும் பார்த்தாள்.

"என்ன செய்யுதீங்க எல்லாரும்?"

"கட்சி வேல" என்றான் அண்ணன் திரும்பாமலே. "நீ போயி என்ன பேசணும்னு பாரு."